கைமாறிய வேலை

மதியம் மூன்று மணிக்கு மேல் தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு துணை சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். கிராம சுகாதார செவிலியரின் மேசையில் இரண்டு பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஒன்று, அட்டை கிழிந்து நூல் தொங்கும் ரெஜிஸ்டர். மற்றது டேப்லெட் அல்லது அவருடைய சொந்த செல்போன். காலையில் வீடுவீடாகப் போய் எடை, ரத்த அழுத்தம், கடைசி மாதவிலக்குத் தேதி, போட்ட தடுப்பூசி எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டு வந்திருப்பார். இப்போது அதையே, கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதியும் அரசின் ‘பிக்மி’ தளத்தில் ஏற்ற வேண்டும். “நெட் வந்தா இப்பவே முடிஞ்சிரும். இல்லன்னா ராத்திரி சோறு பொங்கி வெச்சிட்டு உக்கார வேண்டியதுதான்” என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்.

இந்தத் தளத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவது நம் வழக்கம். புகுந்த ஊரில் ஆறேழு மாதம் பார்த்த செவிலியருக்கும், வளைகாப்பு முடிந்து பெண் வந்திறங்கும் ஊரின் செவிலியருக்கும் நடுவே முன்பு இருந்த ஒரே பாலம், அவள் கைப்பையில் மடித்து வைத்த அட்டைதான். அட்டையை மறந்துவிட்டு வந்தால், ரத்தசோகை இருந்ததா, ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அவளுடைய அம்மாவின் ஞாபகத்தைப் பொறுத்தது. இன்று தளத்தில் அவளுக்குக் கிடைத்த 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணைத் தட்டினால் இரண்டு ஊரின் பதிவும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும், பிறகு குழந்தையின் பிறப்புப் பதிவுக்கும் அந்த எண்தான் வாசல். தாய்க்கு இது லாபம். மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்து எந்த வட்டாரத்தில் எத்தனை பேர் அபாயக் கர்ப்பம் என்று பார்க்கும் அதிகாரிக்கும் லாபம். ஆனால் சமவெளியில் 5,000 பேருக்கு, மலையில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற கணக்கு, டேப்லெட் வருவதற்கு வெகுகாலம் முன்பே போட்டது. ஏற்றும் வேலைக்கென்று தனி ஆள் வரவில்லை. நோட்டும் ஒழியவில்லை. ஒரே தகவலை இரண்டு முறை எழுதுகிற அந்த இரவு நேரம் எந்த அலுவலகத்தின் கணக்கிலும் இல்லை.

வேலை குறையும், பிழை குறையும், காகிதம் ஒழியும்: கணினியை மருத்துவமனைக்குள் கொண்டுவந்த ஒவ்வொருவரும் கொடுத்த வாக்குறுதிகள் இவை. நாற்பது ஆண்டுகளாக மருத்துவமனைகளுக்குள் உட்கார்ந்து கவனித்தவர்களின் ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் சித்திரம் வேறு. வேலை பெரும்பாலும் கைமாறுகிறது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதை முடிவு செய்வதில் மென்பொருளுக்குப் பங்கு கொஞ்சம்தான். அந்த இடத்தில் ஏற்கெனவே யாருக்கு யார் மேல், யாரிடம் யார் கேள்வி கேட்கலாம் என்றிருந்த ஏற்பாட்டுக்குத்தான் பங்கு அதிகம்.

இதை முதலில் அழுத்தமாகக் காட்டியவர் ஸ்டீஃபன் பார்லி என்ற அமெரிக்க ஆய்வாளர். 1980-களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸில் இரண்டு மருத்துவமனைகள் சி.டி. ஸ்கேன் கருவி வாங்கின. இரண்டும் ஒரே மாதிரியான கருவி. பார்லி மாதக்கணக்கில் அந்த ஸ்கேன் அறைகளில் உட்கார்ந்து, யார் யாரிடம் என்ன கேட்கிறார்கள், யார் உத்தரவு போடுகிறார்கள், யார் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே இருந்தார். 1986-ல் வெளியான கட்டுரையில் அவர் சொன்னது இது. ஓரிடத்தில் கருவியை ஓட்டத் தெரிந்த டெக்னீஷியன்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்களே முடிவெடுக்கத் தொடங்கினார்கள். மருத்துவர்கள் அறையை விட்டு விலகினார்கள். இன்னொன்றில் டெக்னீஷியன்கள் வெகுநாள் வரை ஒவ்வொன்றுக்கும் மருத்துவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் ஒன்று; உருவான அமைப்புகள் இரண்டு. நம் ஊர் ஸ்கேன் சென்டர் எதிலாவது, பெரிய டாக்டர் வருவதற்கு முன் டெக்னீஷியன் நோயாளியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொள்வதைக் கவனித்தவர்களுக்கு, பார்லி எதைத் தேடினார் என்பது எளிதில் புரியும்.

இருபது ஆண்டுகள் கழித்து இதே பாடம் குழந்தைகளின் உயிரோடு வந்தது. பிட்ஸ்பர்க் நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் மருந்துச் சீட்டைக் கையால் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கணினி வழியே ஆணையிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். வெளியிலிருந்து அவசரமாக மாற்றப்பட்டு வந்த குழந்தைகளிடையே இறப்பு விகிதம் 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமாக ஏறியது என்று 2005-ல் அங்குள்ள மருத்துவர்களே எழுதினார்கள். காரணம் மென்பொருளின் கோளாறு என்று ஒரே வார்த்தையில் முடிக்க முடியாது. முன்பு ஹெலிகாப்டரில் குழந்தை வந்துகொண்டிருக்கும்போதே என்னென்ன மருந்து வேண்டும் என்று எழுதித் தயார் செய்துவிடுவார்கள். புதிய முறையில் குழந்தை வந்து சேர்ந்து, பதிவாகி, பெயர் திரையில் தோன்றினால்தான் ஆணையே போட முடியும். பக்கத்து அலமாரியில் இருந்த மருந்துகள் மையக் கிடங்குக்குப் போயின. படுக்கையருகே நின்றிருக்க வேண்டிய கைகள் விசைப்பலகைக்குப் போயின. சியாட்டிலின் குழந்தைகள் மருத்துவமனையிலும் அதே மென்பொருள்தான் வந்தது. அங்கே இறப்பு ஏறவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வேலை ஓட்டம் எப்படி இருக்கிறது என்பதை முன்கூட்டியே உட்கார்ந்து பேசி, அதற்கேற்பத் தயாராகியிருந்தார்கள்.

நாடு முழுவதற்கும் ஒரே வீச்சில் செய்யப் பார்த்தவர்களின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை 2002-ல் தொடங்கிய மாபெரும் கணினித் திட்டத்தின் செலவு ஆயிரம் கோடி பவுண்டை நெருங்கியது. 2011-ல் அரசே அதைக் கலைத்துவிடுவதாக அறிவித்தது. மருத்துவர்களையும் செவிலியர்களையும் கேட்காமல் மேலிருந்து வாங்கித் திணித்தது என்பதே அதன்மேல் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு.

அமெரிக்கா பணத்தை அள்ளி வீசி ஒரு வகையில் ஜெயித்தது. 2009-ல் வந்த சட்டம், மின்னணு மருத்துவப் பதிவுக்கு மாறும் மருத்துவமனைகளுக்கு ஊக்கத்தொகை கொடுத்தது. 2008-ல் பத்தில் ஒரு மருத்துவமனையில்கூட இல்லாத ஏற்பாடு, 2015-க்குள் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவற்றில் வந்துவிட்டது. ஆனால் 2016-ல் வெளியான ஓர் ஆய்வு 57 மருத்துவர்களை நிழல்போலத் தொடர்ந்து 430 மணி நேரம் கவனித்தது. நோயாளியோடு நேருக்கு நேர் இருந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கணினிக்கும் மேசை வேலைக்கும் போயிருந்தது. போதாததற்கு வீட்டுக்குப் போய் ராத்திரி ஒன்றிரண்டு மணி நேரம். அந்த நேரத்துக்கு அங்கே ‘பைஜாமா டைம்’ என்று செல்லப்பெயர். நம் கிராம சுகாதார செவிலியரின் இரவுக்கும் அந்த டாக்டரின் இரவுக்கும் சம்பளத்தில்தான் வித்தியாசம். இன்னொரு வித்தியாசமும் உண்டு: டாக்டர் முணுமுணுத்தால் தீர்வு வரும். அங்கே ‘ஸ்க்ரைப்’ என்று ஒரு புதுத் தொழிலே பிறந்தது. டாக்டர் பேசப் பேசத் தட்டச்சு செய்வதற்கென்று ஓர் ஆள். இப்போது அந்த ஆளின் இடத்தில் உரையாடலைக் கேட்டுக் குறிப்பெழுதும் செயற்கை நுண்ணறிவை வைக்கிறார்கள். செவிலியருக்கு ஸ்க்ரைப் வைத்துக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

டாக்டரின் கவனத்தைத் திரை பிடித்துக்கொள்வதன் சாயலை நம்மூரிலும் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு அம்மாவை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் திரையைப் பார்த்தபடியே “எத்தனை நாளா?” என்றார். அம்மா என்னைப் பார்த்து, “யார்கிட்டடா கேக்கறாரு?” என்றாள்.

பிழை குறையும் என்ற இரண்டாவது வாக்குறுதிக்கு வருவோம். கையெழுத்து புரியாமல் மருந்து மாறிப்போவது நிஜமாகவே குறைந்திருக்கிறது. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் பழைய பிழை போன இடத்தில் புதிய வகைப் பிழை வந்து உட்கார்ந்தது. 2005-ல் ராஸ் கோப்பலும் சகாக்களும் ஓர் அமெரிக்க மருத்துவமனையில் கணினி ஆணை முறை வழிவிடும் 22 வகை மருந்துப் பிழை அபாயங்களைப் பட்டியலிட்டார்கள். பட்டியலைவிட ஒரே ஒரு சம்பவம் எனக்கு அதிகம் சொல்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் 2013-ல் நடந்தது. அங்கேயே பணியாற்றும் டாக்டர் ராபர்ட் வாக்டர் 2015-ல் ‘தி டிஜிட்டல் டாக்டர்’ நூலில் அதை ஒளிவுமறைவின்றி எழுதினார்.

38.6 கிலோ எடையுள்ள ஒரு சிறுவன். வழக்கமாகச் சாப்பிடும் செப்ட்ரா என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை. ஒரு வேளைக்கு ஒன்று. எடைக்கேற்ற கணக்கில் 193 மில்லிகிராம் வந்தது. மாத்திரையோ 160 மில்லிகிராம். “மாத்திரை அளவுக்கே திருத்திப் போடுங்கள்” என்று மருந்தாளுநர் டாக்டருக்குச் செய்தி அனுப்பினார். டாக்டர் 160 என்று அடித்தார். ஆனால் திரையின் அந்தக் கட்டம் அப்போது எதிர்பார்த்துக்கொண்டிருந்தது மில்லிகிராமை அல்ல, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்பதை. 160-ஐ 38.6-ஆல் பெருக்கியது கணினி. முப்பத்தெட்டரை மாத்திரை. எச்சரிக்கைப் பெட்டி திரையில் தோன்றியது. நாள் முழுக்கத் தோன்றும் எத்தனையோ பெட்டிகளில் அதுவும் ஒன்று, தள்ளிவிட்டார். மருந்தாளுநருக்கும் தோன்றியது, அவரும் தள்ளிவிட்டார். மருந்தகத்து ரோபோ முப்பத்தெட்டரை மாத்திரையைப் பிசகாமல் எண்ணிப் பொட்டலம் கட்டியது. இரவுப் பணிக்கு வேறு பிரிவிலிருந்து வந்திருந்த செவிலியருக்கு உறுத்தியது. இத்தனை மாத்திரையா? பார்கோடை ஸ்கேன் செய்து பார்த்தார். சரி என்று வந்தது. கொடுத்துவிட்டார். சில மணி நேரத்தில் சிறுவனுக்கு வலிப்பு வந்தது, நல்லவேளை, பிழைத்துக்கொண்டான்.

இதில் யார் குற்றவாளி என்று தேடினால் ஆள் அகப்படமாட்டார். காகிதச் சீட்டில் முப்பத்தெட்டரை என்று யாராவது எழுதியிருந்தால், மருந்துக் கடைப் பையன்கூடச் சிரித்துவிட்டு போன் போட்டிருப்பான். ஒவ்வொரு கட்டத்திலும் இருந்த மனிதர், அடுத்த கட்டத்தில் இருக்கும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டார். சந்தேகப்படும் வேலை கைமாறிக் கைமாறிக் கடைசியில் யார் கையிலும் இல்லாமல் போயிற்று. எச்சரிக்கைகள் மேல் மரியாதை போனதற்கும் காரணம் உண்டு. அதே மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒரு மாதம் எண்ணிப் பார்த்தபோது, ஒரு படுக்கைக்கு ஒரு நாளில் 187 முறை அலாரம் ஒலித்ததாக 2014-ல் வந்த ஆய்வு சொன்னது. புலி வருது கதையை நாளுக்கு 187 முறை கேட்டால் யார் எழுந்து ஓடுவார்கள்?

இதுவரை சொன்னதை வைத்துக் கணினியே வேண்டாம் என்று முடிவுகட்டினால் தப்பு. நன்றாக நடந்த இடங்கள் இருக்கின்றன. இரண்டு நம் கண்ணெதிரே இருக்கின்றன.

முதலாவது மாரடைப்பு. நெஞ்சுவலி என்று வருபவருக்கு ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. வட்ட மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுக்கலாம், படித்து உறுதி சொல்ல இதய நிபுணர் இருக்கமாட்டார். தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மையங்களோடு இணைத்து, ஈ.சி.ஜி.யை அங்கிருந்தே அனுப்பி இங்கிருந்து நிபுணர் பார்த்துச் சொல்லும் ஏற்பாட்டை 2012 முதல் சோதித்தார்கள். 2,420 நோயாளிகளைப் பற்றிய முடிவு 2017-ல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் ஏற்பாட்டுக்கு முன் 17.6 சதவீதம், பின் 14.2 சதவீதம். ஈ.சி.ஜி. தொலைவுக்குப் போனது இதில் ஒரு பகுதி மட்டும். 108 ஆம்புலன்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஊழியர்கள் பயிற்சி பெற்றார்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைச் சிறிய இடத்திலேயே போடலாம், மறுநாளுக்குள் பெரிய மையத்துக்கு அனுப்பலாம் என்று எல்லோருக்கும் ஒரே நடைமுறை வகுக்கப்பட்டது. ஏழை நோயாளியின் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருந்தது. சின்ன ஆஸ்பத்திரி டாக்டர் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரைத் தயங்காமல் கூப்பிட ஒரு முறை கிடைத்தது. பார்லி பார்த்திருந்தால் கருவியை விட்டுவிட்டு இந்தத் தொலைபேசி அழைப்பைத்தான் குறித்துக்கொண்டிருப்பார்.

இரண்டாவது அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது. அங்கே ஆரம்பத்திலிருந்தே ஒரு கணக்கு உண்டு: கண் டாக்டரின் நேரம் அரிது, அவர் மட்டுமே செய்யக்கூடியதை மட்டும் அவர் செய்யட்டும். மீதி எல்லாவற்றையும் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்துச் செய்ய வைத்தார்கள். 2004 வாக்கில் சிற்றூர்களில் விஷன் சென்டர்களைத் திறந்தபோது இந்தப் பெண்களே அவற்றை நடத்தினார்கள். கண்ணைச் சோதித்து, பதிவேற்றி, வீடியோவில் தலைமை மருத்துவமனை டாக்டரிடம் காட்டி, நோயாளி வீடு திரும்புமுன் முடிவு சொல்லிவிடுவார்கள். தேனிப் பக்கம் அப்போது இணையம் சரியாக இல்லை. பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள் உயரமான கோபுரங்கள் வழியே வெகுதூரம் பாயும் வைஃபை இணைப்பை அமைத்துக் கொடுத்தார்கள். இன்று மையங்கள் நூறைத் தாண்டிவிட்டன. யார் எதைச் செய்வது என்ற பங்கீடு முதலில் வந்தது, கம்பியில்லா இணைப்பு அதன் பிறகு வந்தது. கைமாறிய வேலையோடு பயிற்சியும் பதவியும் சேர்ந்து கைமாறின. கிராம சுகாதார செவிலியர் மேசையில் டேப்லெட் வந்து உட்கார்ந்த விதத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் இதுதான்.

அதே அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் கூகுள் தன் நீரிழிவு விழித்திரை நோய் கண்டறியும் நிரலைச் சோதித்தது. 2016-ல் வந்த முதல் கட்டுரையில் நிபுணர்களுக்கு நிகரான துல்லியம். தாய்லாந்தில் 11 கிளினிக்குகளுக்கு அது போனபோது என்ன நடந்தது என்பதை 2020-ல் கூகுளின் சொந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். 1,838 படங்களில் 21 சதவீதத்தை நிரல் ஏற்க மறுத்தது. விழித்திரையைப் படமெடுக்க அறை இருட்டாக வேண்டும். அங்கே செவிலியருக்கு இருட்டறை இல்லை. அதே அறையில் இன்னும் பத்து வேலை நடந்தது. இணையம் ஊர்ந்தது. நிரல் மறுத்துவிட்டால், செவிலியர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த படமானாலும், நோயாளி வேலையை விட்டுவிட்டு இன்னொரு நாள் வேறு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில செவிலியர்கள் நோயாளிகளிடம் இதில் சேர வேண்டாம் என்றே சொன்னார்கள். அவர்களைப் பழமைவாதிகள் என்று சொல்ல நான் தயாரில்லை. அவர்களுக்குத் தெரிந்தது சோதனைக்கூடத்துக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் ரத்தத் தொற்றை முன்கூட்டிச் சொல்வதாக விற்கப்பட்ட ஒரு கணிப்பு நிரலை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2021-ல் சோதித்தபோது, அது தொற்று வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரைத் தவறவிட்டிருந்தது. அலாரம் மட்டும் குறைவில்லாமல் அடித்தது.

கைமாறும் வேலையில் ஒரு வகை பேசப்படுவதே இல்லை: கண்காணிக்கப்படுவதும் ஒரு வேலை. 2021-ல் ஹரியானாவில் ஆஷா பணியாளர்கள், தங்கள் செல்போனில் நிறுவச் சொன்ன செயலி தங்களைப் பின்தொடர்கிறது என்று தெருவுக்கு வந்தார்கள். அதே ஆண்டு மகாராஷ்டிராவில் அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசு கொடுத்த போன்களைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார்கள். போன் தரமில்லை, செயலி ஆங்கிலத்தில் இருந்தது. குழந்தையின் எடையை விட, எடை பதிவேறியதா என்பது மேலதிகாரியின் முதல் கேள்வியாகிவிட்டால் என்ன ஆகும் என்பதை யூகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். நட்சத்திரக் குறியிட்ட கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. தெரியாத தேதியைத் தெரிந்ததுபோல் போட்டால் திறக்கும். மாவட்டப் பட்டியலில் அந்த வட்டாரம் பச்சை நிறத்தில் ஒளிரும்.

அதிகாரபூர்வமான கணினி இப்படி மேல்நோக்கியே பார்த்துக்கொண்டிருக்க, வார்டுக்குள் உண்மையான தகவல்தொடர்பு வாட்ஸ்அப்பில் நடக்கிறது. எக்ஸ்ரே ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, செல்போனில் படமெடுத்து, “சார், ஒபினியன்?” என்று சீனியருக்கு அனுப்பும் பயிற்சி மருத்துவரை எந்த அரசு மருத்துவமனையிலும் பார்க்கலாம். நோயாளியின் அந்தரங்கத்துக்கு அதில் துளிப் பாதுகாப்பில்லை. இருந்தும் அதைத்தான் நாடுகிறார்கள், ஏனென்றால் அதில் பதில் வருகிறது.

காகிதம் ஒழியும் என்பது மூன்றாவது வாக்குறுதி. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸின் சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கின. ஏறக்குறைய இரண்டு வாரம் ஓ.பி. பதிவு, ஆய்வகம், அனுமதி எல்லாம் கையால் நடந்தன. மூத்த ஊழியர்களுக்குப் பழைய படிவங்கள் நினைவிருந்தன. கணினி வந்த பிறகு சேர்ந்த தலைமுறை மட்டுமே இருக்கும் ஒரு மருத்துவமனையில் இதே நாள் எப்படிப் போகும் என்ற கேள்விக்கு இந்தியாவில் இன்னும் யாரும் பரீட்சை எழுதவில்லை.

ஆகவே 2022 ஏப்ரலில் தமிழ்நாடு தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ காகிதத்தை விடாமல் வைத்துக்கொண்டது எனக்குக் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது. அதற்கென ஓர் இணையச் செயலி இருக்கிறது. மாவட்டங்களின் நிலவரத்தை அதில் பார்க்கலாம். ஆனால் நோய் உறுதியானவுடன் ஊழியர் கையில் எடுப்பது ஒரு தாள். எடையும் உயரமும் பார்த்து உடல் நிறை குறியீடு 14 அல்லது அதற்குக் கீழா, 16-க்குள் இருந்து இரண்டு காலிலும் வீக்கம் இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேலா, ஆக்சிஜன் 94-க்குக் கீழா என்று குறிக்கிறார். கடைசியாக நோயாளியிடம், யாரையும் பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொல்கிறார். நிற்க முடியவில்லை என்றால் முதலில் படுக்கை ஏற்பாடு செய்கிறார்கள். செயலியில் ஏற்றுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.